படம் பிடிக்க வருகிறவர்

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு மாலை நேரம். செபமாலை முடிந்து பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். நமது பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் வந்து தோத்திரம் சொன்னார். அவருடைய மூத்த மகளுக்கு வைகாசியில் திருமணம். வரும் ஞாயிறன்று முதல் ஓலை வாசிக்கப்பட வேண்டும். அதற்குரிய தாள்களை நம்மிடம் தந்தபின், துணிப் பையிலிருந்து இரண்டு கனத்த ஆல்பங்களை எடுத்து நம் முன் வைத்தார்.

“ரெண்டு ஸ்டூடியோக்காரங்க மாதிரிக்குக் கொடுத்தது, சாமி. ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. எதைப் பேசி முடிக்கிறதுன்னு தெரியலை. நீங்க எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீங்க! நீங்களே சொல்லுங்க.”

புரட்டிப் பார்த்தோம். மணமகளின் முகத்தில் மாலை வெயில் பொன்போல் விழுந்திருந்தது. மணமகன் புன்னகை மாறாமல் நின்றிருந்தார். ஒருவரும் கண்ணை மூடவில்லை. ஒரு குழந்தையும் அழவில்லை. இரண்டில் எது சிறந்தது என்று நமக்கும் சொல்லத் தெரியவில்லை.

“இவையெல்லாம் ஒன்றும் தவறாத நாட்களில் எடுத்த படங்கள். இரண்டு பேரிடமும் போய், ‘உங்கள் கையில் எப்போதாவது காரியம் கெட்டதுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டு வாருங்கள்” என்றோம்.

அவர் முகம் சற்றே வாடியது. “கல்யாணப் பேச்சுல போய் கெட்டுப்போனதைக் கேட்டா, அபசகுனமா இருக்காதா சாமி?”

“கேளுங்கள், பிறகு பேசுவோம்” என்று அனுப்பிவைத்தோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்று அவரிடம் அதை நாம் முழுவதும் சொல்லவில்லை. வாசக அன்பர்களாகிய உங்களிடம் சொல்லிவிடுவதே முறை. ஏனெனில் அதில் நமது குற்றமும் கலந்திருக்கிறது.

1990களின் இறுதியில், குருப்பட்டம் பெற்ற புதிதில், காவிரிக் கரையோரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். ஒரு திருமணத் திருப்பலியை நிறைவேற்றும் பொறுப்பு நமக்கு வந்தது. படம் எடுக்கப் பேசப்பட்டிருந்த ஸ்டூடியோ முதலாளி, அதே நாளில் வேறொரு திருமணத்தையும் ஒப்புக்கொண்டிருந்ததால், தம்மிடம் வேலை பழகிய இருபது வயது இளைஞன் ஒருவனை அனுப்பிவிட்டார். பையனுக்கு ஆர்வம் அதிகம், அனுபவம் குறைவு. பீடத்தின் படிகளில் ஏறுவதும், வாசக மேடைக்குப் பின்னால் குனிந்து செல்வதுமாக இருந்தான். நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தபோது, பிளாஷ் வெளிச்சம் நம் கண்களிலேயே மூன்று முறை அடித்தது.

நாம் மறையுரையை நிறுத்தினோம். ஒலிபெருக்கியிலேயே, “தம்பி, இது கோயிலா, சினிமாக் கொட்டகையா? வெளியே போய் நில்!” என்றோம். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். பையன் தலைகுனிந்து, பக்கத்துத் தூணின் மறைவுக்குப் போய்விட்டான். ஆலயத்தின் மாண்பைக் காத்துவிட்டதாக எண்ணி, அன்று மனநிறைவோடு மறையுரையைத் தொடர்ந்தோம்.

அந்தத் தூண் மறைவில் நடந்ததை ஒரு மாதம் கழித்தே அறிந்தோம். அவனது காமிராவில் முதல் பிலிம் சுருள் அப்போது தீர்ந்திருந்தது. புதிய சுருளைப் போட்டான். அக்காலத்துக் காமிராக்களில் பிலிமின் நுனியை எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகி, பல் சக்கரத்தில் அதன் துளைகள் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பின்மூடியை அடைக்க வேண்டும். அடைத்தபின் நெம்புகோலைத் தள்ளும்போது, இடப்பக்கத்துத் திருகு தானாகச் சுழல்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். சுழன்றால்தான் பிலிம் நகர்கிறது என்று பொருள். ஆனால் எண்காட்டியோ பிலிம் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். பையனின் கைகள் நடுங்கின. நுனி பிளவிலிருந்து நழுவியதை அவன் கவனிக்கவில்லை.

மணமக்கள் வலக்கரம் பற்றிச் சம்மதம் சொன்னதையும், தாலி மந்திரிக்கப்பட்டதையும், மணமகன் தாலி கட்டியதையும், நாற்காலியோடு தூக்கிவரப்பட்ட மணமகளின் அப்பாயி பேத்தியின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்ததையும் அவன் எடுத்தான். 36 படங்களே எடுக்கக்கூடிய சுருளில் எண்காட்டி 40ஐக் காட்டியபோதுதான் உண்மை அவனுக்கு விளங்கியது. ஒரு படமும் பதியவில்லை.

அவன் வாய் திறக்கவில்லை. வேறு சுருளைப் போட்டுக்கொண்டு மண்டபத்து விருந்தைப் படமெடுத்தான். வீட்டார் கேட்டபோதெல்லாம் ‘லேபில் தாமதம்’ என்றான். இப்படியே நான்கு வாரங்கள் கழிந்தன. அதற்குள் அந்த அப்பாயி இறைவனடி சேர்ந்தார். சட்டமிட்டு வைக்க அவருடைய முகம் தெளிவாகத் தெரியும் படம் வீட்டில் ஒன்றும் இல்லை. கல்யாணப் படத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்றிரவு அந்தப் பையன் பங்கு இல்லத்தின் பின்வாசலில் வந்து நின்றான். விம்மலுக்கிடையே அவன் சொன்ன ஒரு வாக்கியம் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது: “நீங்க எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னதும் கை ஓடலை, சாமி.”

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். நடந்ததை அவன் சொன்னான். நமது பங்கை நாம் சொன்னோம். மணமகளின் தந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்து, “அன்னைக்கே சொல்லியிருந்தா, அம்மாவை மண்டபத்துல உட்கார வச்சு இன்னொரு தடவை எடுத்திருப்போமே, தம்பி” என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் தாங்கியிருப்போம்.

அன்பர்களே, பிலிம் நழுவியது விபத்து. அது எவருக்கும் நேரக்கூடியது. அதைச் சீர்செய்ய அன்று மாலைவரை நேரம் இருந்தது. அப்பாயி மண்டபத்தில்தான் அமர்ந்திருந்தார். அந்த வாய்ப்பை மூடி மறைத்தது அவனுடைய அச்சம். அந்த அச்சத்தை அவனுக்குள் விதைத்தவர்களில் நாமும் ஒருவர்.

கோயிலில் படம் எடுப்பதைப் பற்றித் திருச்சபை சொல்லாமல் இல்லை. நற்கருணை மறைபொருள் குறித்து 1967ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் உரோமையிலிருந்து வெளியான போதனை ஏடு, படம் எடுப்பதால் திருவழிபாடு, சிறப்பாகத் திருப்பலி, குலைந்துவிடாதபடி மிகுந்த கவனம் வேண்டும் என்கிறது. தகுந்த காரணம் இருந்தால் அடக்கத்தோடும், தலத் திருச்சபை அதிகாரியின் ஒழுங்குகளின்படியும் எடுக்கலாம் என்கிறது. ஆகவே நாம் கேட்டது தவறன்று. கேட்ட நேரமும் முறையுமே தவறு. முந்தின நாள் மாலை பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை, மறுநாள் ஊரறியக் கூவினோம். அன்றிலிருந்து, ஓலை எழுத வரும் குடும்பத்தாரிடம், “படம் எடுப்பவரை முதல் நாளே நம்மை வந்து பார்க்கச் சொல்லுங்கள்” என்று தவறாமல் சொல்லிவருகிறோம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் நம் நினைவில் நிற்கிறார். பல ஆண்டுகளுக்குப் பின், வேறொரு பங்கில், ஐம்பது வயது மதிக்கத்தக்க இந்து சகோதரர் அவர். முந்தின நாள் மாலையில் கோயிலுக்குள் வந்து, எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று கேட்டறிந்தார். பிறகு நாம் அதுவரை எண்ணியே பாராத ஒன்றைக் கேட்டார். “எங்க கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டினா தாலி கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சிடும். இங்க எனக்கு எது சாமி அடையாளம்?”

எவ்வளவு நல்ல கேள்வி! நம் கோயில்களில் தாலி கட்டும்போது மணி ஒலிப்பதோ, பாடகர் குழுவினர் பாடுவதோ உண்டு. ஆனால் திருமணத்தின் உயிர்நிலை அதற்கு முன்பே, ஓசையில்லாமல் கடந்துவிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1057ஆம் எண்ணில் சொல்கிறது. அந்தச் சம்மதத்தைச் சொல்ல ஒரு நிமிடமும் ஆவதில்லை. பல ஆல்பங்களில் அந்த ஒரு நிமிடமே விடுபட்டுப் போகிறது. இதை அவருக்கு விளக்கினோம். மறையுரை முடிந்தவுடன் மணமக்கள் எழுந்து நிற்பது, வலக்கரங்களை இணைப்பது, பின்னர் மோதிரமும் தாலியும் மந்திரிப்பது, ‘பரலோகத்தில் இருக்கிற’ செபத்துக்குப் பிறகு மணமக்களுக்குரிய ஆசியுரை, இறுதியில் பதிவேட்டில் கையொப்பம் என்று ஒவ்வொன்றையும் சிறு தாளில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பெருமழை. திருப்பலி தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றது; ஜெனரேட்டரும் உடனே கிளம்பவில்லை. கோயிலுக்குள் இருள். அவர் பதறவில்லை. கோயிற்பிள்ளையிடம் சாடை காட்டிப் பக்கக் கதவுகளைத் திறக்கச் செய்தார். மழையொளி உள்ளே வந்தது. காமிராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி வைத்துக்கொண்டு, படம் சற்றே மணல்போல் தெரிந்தாலும் பரவாயில்லை என்று, பிளாஷ் இல்லாமலேயே எடுத்தார்.

தாலி கட்டி முடிந்தபின் இன்னொரு சோதனை. படங்களைப் பதிவு செய்யும் மெமரி கார்டில் பழுது என்று காமிரா காட்டியது. அவர் அந்தக் கார்டைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை. உடனே வெளியே எடுத்து, சட்டைப் பையில் தனியே வைத்துப் பொத்தானிட்டுவிட்டு, வேறு கார்டைப் போட்டுக்கொண்டார். இதில் ஒரு நுட்பம் உண்டு என்று பின்னர் நமக்கு விளக்கினார். பழுதான கார்டில் மேலும் எழுதாமல், அதைப் புதிதாக்க முயலாமல் அப்படியே வைத்திருந்தால், உள்ளே இருப்பதைக் கணிப்பொறியின் துணையால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதன்மேல் புதிய படங்கள் பதிந்தாலோ பழையவை போனதுதான்.

நம்மை மிகவும் தொட்டது அதற்குப் பின் நடந்ததுதான். திருப்பலி முடிந்தவுடன், கூட்டம் கலையுமுன், மணமகளின் தந்தையை ஓரமாக அழைத்தார். “ஐயா, ஒரு கார்டு தகராறு பண்ணுது. என் உதவியாளர் எதிர்ப்பக்கம் இருந்து எடுத்தது பத்திரமா இருக்கு. இந்தக் கார்டுல இருக்கிறதும் வந்துடும்னு நம்புறேன். ஆனா ராத்திரி பார்க்காம சத்தியம் பண்ண மாட்டேன். வீட்டுப் பெரியவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. பத்து நிமிஷம் கொடுத்தா மணமக்களோட நிக்க வச்சு இப்பவே எடுத்துடுறேன்” என்றார். தந்தை ஒரு கணம் திகைத்தார்; பிறகு தலையசைத்தார். முதியோர் அனைவரும் பீடத்தின் முன் ஒன்றுகூடினர். பிறகு கார்டிலிருந்த படங்களும் பெரும்பாலும் மீண்டுவந்தன. ஆயினும் அந்த வீட்டார் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருப்பது, மழை நின்ற வேளையில் எடுத்த அந்தப் பத்து நிமிடப் படத்தைத்தான்.

அந்தப் படத்தைக் காணும்போதெல்லாம் காவிரிக் கரை அப்பாயியின் நினைவு நமக்கு வராமலிருப்பதில்லை. இங்கும் கருவி கைவிட்டது. ஆனால் கைவிட்ட செய்தி உரிய நேரத்தில், உரியவரிடம், அமைதியாகச் சொல்லப்பட்டது. கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது நம் தேவதாய் செய்ததும் இதுவே அன்றோ? குறையை முந்திக் கண்டார், கூச்சலிடவில்லை, தீர்க்கக்கூடியவரிடம் சொன்னார். விருந்தினர் எவரும் அறியாமலேயே குறை நிறைவாயிற்று.

ஆகவே, வீட்டில் திருமணம் வைத்திருப்போர் படம் எடுப்பவரை அமர்த்துமுன் சிலவற்றைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. பல திருமணங்களிலிருந்து பொறுக்கிய படங்களைக் காட்டினால், ஒரே திருமணத்தின் படங்களைத் தொடக்கம் முதல் முடிவுவரை, கூடுமானால் கோயிலில் நடந்ததை, காட்டச் சொல்லுங்கள். திறமையின் சராசரி அதில்தான் தெரியும். பேசுகிறவர்தாமே வருவாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்று கேளுங்கள். தவக்காலத்தில் நாம் பொதுவாகத் திருமணங்களைத் தவிர்ப்பதால், அதற்கு முன்னும் பின்னும் அவை நெருக்கமாக வந்து குவிகின்றன. ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களை ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. அவருக்கே காய்ச்சல் கண்டுவிட்டால் யார் வருவார் என்பதையும் கேட்பதில் பிழையில்லை.

இரண்டாவது காமிரா, மாற்று பாட்டரி, மாற்று கார்டு உண்டா? ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் காமிராக்கள் இப்போது வந்துள்ளன. அவரிடம் அது உண்டா? எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் படியெடுத்து வைப்பாரா? முன்பணம் எவ்வளவு, ஆல்பம் எந்த நாளில் வரும், படங்கள் பாழானால் திருப்பித் தருவது என்ன என்பதைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். முகம் முறியாமலிருக்க எழுத்தைப்போல் உதவி வேறில்லை.

எடுக்கக் கூடாததைப் பற்றியும் பேசுங்கள். ஒருமுறை, காலையிலிருந்து ஒன்றும் உண்ணாத சர்க்கரை நோயாளியான தந்தை ஒருவர், மகளைக் கைப்பிடித்து அழைத்து வரும்போதே கோயில் நடுவழியில் தளர்ந்து சாய்ந்தார். படக்காரர் காமிராவைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். வீடியோ எடுத்தவரின் கையையும் தாழ்த்தச் செய்தார். இனிப்பு நீர் கொடுத்து அவர் தெளிந்தபின், நாற்காலியில் அமர்ந்த தந்தையும் அருகில் முழந்தாளிட்ட மகளுமாக ஒரு படம் எடுத்தார். ஒருவர் விழுந்ததை நொடிப்பொழுதில் ஊரெங்கும் கைபேசியில் அனுப்பிச் சிரிக்கிற இந்தக் காலத்தில், காமிராவைக் கீழே வைக்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

இவ்வளவும் அவரிடம் கேட்க வேண்டியவை. நாம் கொடுக்க வேண்டியவையும் உண்டு. பங்குத்தந்தையின் ஒழுங்குகளை முன்கூட்டியே அவருக்குத் தெரிவியுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இன்னார் என்று அடையாளம் காட்ட உறவினர் ஒருவரை அவருடன் வைத்திருங்கள். முதல் பந்தியிலேயே அவருக்கும் இலை போடுங்கள். விடிகாலையிலிருந்து நிற்பவர் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நேர்ந்தால் அச்சமின்றி வந்து சொல்லலாம் என்ற நம்பிக்கையை உங்கள் முகத்தில் அவர் காணட்டும். அதட்டுகிற இடத்தில் உண்மை பின்வாசல் வழியாக, காலம் கடந்தே வரும். இதைக் கற்றுக்கொள்ள நாம் கொடுத்த விலை பெரிது. அந்தக் குடும்பம் கொடுத்தது அதனினும் பெரிது.

படம் ஒன்றுகூட இல்லாமல் போனாலும் திருமணம் திருமணமே. குருவின் முன்னிலையும், இரு சாட்சிகளும், மணமக்களின் சம்மதமும், பதிவேட்டில் அவர்கள் கையெழுத்தும் அதற்குப் போதும். இதைச் சொல்லித்தான் அன்று அந்த வீட்டில் ஆறுதல் கூற முயன்றோம். உண்மைதான், ஆனால் தாயின் முகத்தைத் தேடிய மகனுக்கு அந்த உண்மை போதவில்லை என்பதையும் கண்டோம்.

இனி, ஆல்பங்களோடு வந்த அன்பருக்குத் திரும்புவோம். ஒரு வாரம் கழித்து வந்தார். “கேட்டேன் சாமி. ஒருத்தர், ‘எங்க கையில இதுவரைக்கும் ஒண்ணுமே தப்பினதில்லை’ன்னார். இன்னொருத்தர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், பேட்டரி தீர்ந்து மோதிரம் மாத்துறதை விட்டுட்ட கதையைச் சொன்னார். அதுலேருந்து மூணு பேட்டரி வச்சிருக்காராம்.” இரண்டாமவரையே பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். வைகாசியில் திருமணம் நடந்தது. மழையில்லை, மின்சாரம் நிற்கவில்லை, மோதிரம் உருளவில்லை. பந்தியில் நம் அருகே வந்து, “ஒண்ணுமே ஆகலையே சாமி!” என்று, ஏதோ குறைபட்டவர் போலச் சிரித்தார்.

அன்று அழுதுகொண்டு வந்த பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேலாகிறது. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பிலிம் சுருள்களின் காலம் போய்விட்டது. திருகு சுழல்கிறதா என்று பார்க்கவேண்டிய தேவை இப்போது இல்லை. ஆனால் எந்தக் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாலும், மணமகளைத் தேடுமுன் அவன் கேட்கும் முதல் கேள்வி, “இந்த வீட்டுல ரொம்ப வயசானவங்க யாரு?” என்பதுதான். அவர்களை வெளிச்சத்தில் உட்காரவைத்து முதல் படத்தை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு யாரை அமர்த்தினாலும், முதல் படம் அதுவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.